சமாதானபுரம் டீச்சர் வீட்டு இங்கிலீஷ் வகுப்பு: ஆறு மாத அனுபவம்

பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தன் வீட்டுப் பட்டாசலில் (கூடத்தில்) பாய் விரித்து நடத்தும் வகுப்பு இது. வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை, மாதம் 600 ரூபாய். என் பையன் நாலாம் வகுப்பு படிக்கிறான், ஆறு மாதமாகப் போய்வருகிறான். எங்களைப் போல ஏற்கெனவே ஓரிடத்தில் சூடுபட்டவர்கள் இருப்பீர்கள், அதனால் அந்தக் கதையிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

போன மே மாதம் வேறொரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் சேர்த்தோம். இரண்டு மாதத்துக்கு 6,500 ரூபாய். முதல் நாளே பெற்றோரை உட்காரவைத்து, வீட்டில் தமிழே பேசக்கூடாது, அப்போதுதான் பிள்ளைக்கு வாய் திறக்கும் என்றார்கள். நம்பினோம். நானும் என் வீட்டுக்காரரும் தமிழ் மீடியத்தில் படித்து, இன்டர்வியூவில் பதில் தெரிந்தும் வாய் வராமல் நின்றவர்கள், பிள்ளைக்கு அந்த நிலை வந்துவிடக்கூடாது என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. தமிழ் வார்த்தை ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்று உண்டியல்கூட வைத்தோம். எனக்கோ கம், ஈட், டேக் பாத், கோ ஸ்லீப், இதைத் தாண்டி ஓடாது. ஒரு நாள் முழுக்க என் பிள்ளையிடம் நான் பேசியது இந்த நாலு கட்டளைதான். பள்ளியில் யாரோடு சண்டை, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்க எனக்கு வார்த்தை இல்லை.

சனிக்கிழமை ஆனால் முக்கூடலிலிருந்து என் அம்மா வருவார்கள். பீடி சுற்றிக்கொண்டே இவனுக்குக் கதை சொல்லி வளர்த்தவர்கள். "ஏலே, சாப்ட்டியாலே?" என்று கேட்டால் இவன் உண்டியலைப் பார்ப்பான், தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவான். ஆறாவது வாரம் அம்மா அடுப்படியில் வைத்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள். "ஏளா, பிள்ளைக்கு எம்மேல எதுவும் கோவமா?"

அன்றைக்கு ராத்திரியே உண்டியலை உடைத்தேன். 47 ரூபாய் இருந்தது. சென்டருக்கும் அதோடு முழுக்கு.

மனசு கேட்காமல் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களில் இது இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. லில்லி வோங் ஃபில்மோர் என்ற ஆய்வாளர் 1991இல் எழுதிய கட்டுரையில், விவரம் தெரியாத வயதிலேயே ஆங்கிலத்துக்குள் போன பிள்ளைகள் வீட்டு மொழியை விட்டுவிட, பெற்றவர்களுக்குப் பிள்ளையிடம் நாலு நல்லது கெட்டது சொல்லக்கூட மொழி இல்லாமல் போனதைப் பற்றிச் சொல்கிறார். நமக்கு அந்த அளவுக்குப் போகாது, தெருவில் இறங்கினால் தமிழ்தான். ஆனால் என் வீட்டுக்குள் ஒன்றரை மாதம் நடந்தது அதேதான்.

சரி, டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். சேர்க்கப் போனபோது மார்க் ஷீட் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், யாருக்கு நிறையக் கதை தெரியும் என்றுதான் கேட்டார். "வீட்ல நல்லா தமிழ் பேசுங்கம்மா. சொல்றதுக்கு விஷயம் இருந்தாத்தானே இங்கிலீஷ்ல சொல்லுவான்" என்றார். அப்புறம் இடையன்குடியில் இருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் கால்டுவெல்லை இழுத்தார்: 1841இல் இந்தப் பக்கம் வந்து தமிழில் ஊறிப்போன மனுஷன், திராவிட மொழிகளைப் பற்றி 1856இல் ஆங்கிலத்தில்தானே புத்தகம் போட்டார், ஒரு மொழி உள்ளே வர இன்னொன்று வெளியே போகணுமா என்ன?

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நூறு பக்க நோட்டு. இடது பக்கம் வீட்டில் யாரிடமாவது கேட்டுவந்ததைத் தமிழில் எழுத வேண்டும். வலது பக்கம் அதையே இங்கிலீஷில், முதலில் வாயால் சொல்லிவிட்டு. என் பையன் முதலில் கேட்டுப் போனது ஆச்சி, அதாவது என் அம்மா, பீடி சுற்றும்போது மடியில் வைத்துக்கொள்ளும் சொளவை (முறத்தை)ப் பற்றி. அதற்கு இங்கிலீஷ் தெரியாமல் முழித்திருக்கிறான். அந்த வார்த்தையை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் எழுது, அது என்ன வேலை செய்கிறது என்று அடுத்த வரியில் சொல் என்றாராம் டீச்சர். நோட்டில் இப்படி இருக்கிறது: "மை ஆச்சி கீப்ஸ் த சொளவு ஆன் ஹெர் லேப். த லீவ்ஸ் ஆர் வெட். ஷீ டஸ் நாட் லுக் அட் ஹெர் ஃபிங்கர்ஸ்." அந்த மூன்றாவது வரியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா விரலைப் பார்க்காமல் சுற்றுவதை நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கு ஒரு நாளும் சொல்லத் தோன்றியதில்லை. சென்டரில் இதே பையன் மனப்பாடம் செய்துவைத்த "மை செல்ஃப்" ஆறு வரியைத் தாண்டியதில்லை.

குறையும் உண்டு. மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை பதினெட்டுப் பிள்ளைகள் ஒரே அறையில், பெரிய பிள்ளைகளுக்கு இது போதாது. இலக்கணம் தனியாக நடத்துவதில்லை, பள்ளித் தேர்வில் டென்ஸ் கேள்விகளில் இவனுக்கு இன்னும் மார்க் போகிறது, அதை வீட்டில் நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். லீவு என்றால் சாயங்காலம் நாலரைக்குத்தான் தகவல் வரும். கொசு ஜாஸ்தி, முழுக்கை சட்டை போட்டு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் சரளமாகப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. என் பையன் மூன்றாம் மாதம்தான் தயங்காமல் பேச ஆரம்பித்தான்.

இப்போது ராத்திரி எட்டு மணிக்கு அவனே முக்கூடலுக்கு போன் போடுகிறான். நேற்று தார்சா என்றால் என்ன என்று கேட்டான், அம்மா தன் பிறந்த வீட்டை வாசலிலிருந்து புறவாசல் வரை அறை அறையாகச் சொல்லிக்கொண்டே போனார்கள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

புதுப் பிள்ளைகளை ஜூனில் சேர்க்கிறார். நேரில்தான் போக வேண்டும். ஆச்சியோ தாத்தாவோ கூட இருந்தால் அழைத்துப் போங்கள், டீச்சர் முதலில் அவர்களிடம்தான் பேச்சுக் கொடுப்பார்.