லேப்பில் நெட் வரவில்லை: எங்கே தொடங்கினால் சீக்கிரம் முடியும்?

"சார், லேப்ல நெட் வரல." கல்லூரியில் சிஸ்டம் பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பழகிய புகார் கிடையாது. மேசைக்கடியில் கேபிளின் கிளிப் உடைந்து கழன்றிருந்தாலும் இதே புகார்தான். ரேக்கில் (கருவிகளை அடுக்கும் அலமாரியில்) கேபிள்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஹேங் ஆகி நின்றாலும், வெளி நெட்டுக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலில் போட்ட லாகின் முடிந்துபோயிருந்தாலும், யாரோ ஒரு மாணவர் வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து சுவர் போர்ட்டில் செருகியிருந்தாலும் லேப்பிலிருந்து வருவது இந்த ஒரு வரிதான். அதனால் எங்கிருந்து தேடத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தே நேரம் மிச்சமாகிறது, இல்லையென்றால் வீணாகிறது.

இதில் ஆளுக்கொரு பழக்கம் உண்டு. சிலர் வந்த வேகத்தில் எல்லாவற்றையும் அணைத்துப் போடுவார்கள். சிலர் கேபிளிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறுவார்கள். பிரவுசர் காட்டும் பிழையைப் படித்துக் கீழே இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இன்னும் சிலர் நடுவில் கேட்வேயை, அதாவது லேப்பிலிருந்து வெளியே போகும் வாசலான கருவியைப் பிங் செய்து (பதில் வருகிறதா என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பி), பழுது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரித்துக்கொள்வார்கள். இவை போக, பக்கத்து சிஸ்டத்தின் கேபிளை மாற்றி மாட்டிப் பார்க்கிற வழியும் இருக்கிறது. எல்லாமே வேலை செய்கிற வழிகள்தான். எப்போது எது என்பதுதான் கேள்வி. என் கணக்கில் அதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: எத்தனை சிஸ்டத்தில் நெட் போயிருக்கிறது? இதைக் கேட்காமல் லேப்புக்குள் நுழையவே கூடாது. ஒன்றா, ஒரு வரிசையா, முழு லேப்பா, பக்கத்து டிபார்ட்மென்டிலும் போயிருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிட்டால் பாதி வழிகள் தாமாகவே விலகிவிடும்.

ரீஸ்டார்ட்டை முதலில் எடுத்துக்கொள்வோம், பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள் என்பதால். அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. சிஸ்டத்தை அணைத்துப் போட்டால் நெட்வொர்க் கார்டின் டிரைவர் புதிதாக ஏறும், ஐ.பி. முகவரியை (வலையில் சிஸ்டத்தின் அடையாள எண்ணை) மறுபடி கேட்கும், பழைய டிஎன்எஸ் நினைவு (எந்தத் தளப் பெயருக்கு எந்த ஐ.பி. என்ற குறிப்பு) அழியும். ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டால் அதன் முகவரி அட்டவணை காலியாகி முதலிலிருந்து கற்றுக்கொள்ளும். பல பழுதுகள் இதில் உண்மையாகவே தீர்ந்துவிடும். சிக்கலும் அங்கேதான். ஏன் தீர்ந்தது என்பதற்கான தடயமும் சேர்ந்தே போய்விடுகிறது. தனி லாக் சர்வர் வைக்காத கல்லூரிகளில் ஸ்விட்ச்சின் லாக் பெரும்பாலும் அதன் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். பவரை எடுத்ததும் காணாமல் போகும். வாராவாரம் ரீஸ்டார்ட் கேட்கிற ஸ்விட்ச்சுக்கு அடாப்டர் தளர்ந்திருக்கலாம், ஃபேன் நின்று சூடேறிக்கொண்டிருக்கலாம். அணைத்துப் போட்டே காலம் தள்ளினால், அது ஒரேயடியாகப் படுத்துக்கொள்ளும் நாள் செய்முறைத் தேர்வு நாளாகக்கூட அமையலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்விட்ச் எழுந்ததும் உடனே டேட்டாவைக் கடத்திவிடாது. பழைய முறை ஸ்பானிங் ட்ரீ (இணைப்புகள் வட்டமாகச் சுற்றிவிடாமல் தடுக்கும் ஏற்பாடு) ஓடுகிற ஸ்விட்ச்சில் ஒரு போர்ட் 15 விநாடி கேட்டுக்கொண்டும் 15 விநாடி கற்றுக்கொண்டும் இருந்துவிட்டுத்தான் திறக்கும். அந்த 30 விநாடிக்குள் சிஸ்டம் ஐ.பி. கேட்டு, பதில் வராமல், 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்ளக்கூடும். விண்டோஸ் அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் மறுபடி கேட்டுப் பார்க்கும். கரண்ட் போய் வந்த பிறகு ஸ்விட்ச் நன்றாக இருந்தும் லேப்பில் பாதி சிஸ்டம் நெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விண்டோஸில் இருக்கும் 'நெட்வொர்க் ரீசெட்' இன்னும் மோசம். கையால் ஐ.பி. போட்டு வைத்திருக்கும் லேப்களில் அதை அழுத்தினால் அந்த அமைப்பெல்லாம் அழிந்து, இல்லாத பழுதும் வந்து சேரும்.

கேபிளிலிருந்து மேலே ஏறுவது பொறுமைசாலிகளின் வழி. கார்டின் பின்னால் லைட் எரிகிறதா, சுவர் போர்ட்டில் பேட்ச் கார்டு (சின்ன இணைப்புக் கேபிள்) உறுதியாக உட்கார்ந்திருக்கிறதா, ரேக்கில் அதே எண்ணுள்ள போர்ட் எரிகிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவது. ஒரே ஒரு சிஸ்டம் மட்டும் போயிருந்தால் இதை மிஞ்ச வேறு வழி இல்லை. நம் லேப்களில் கேபிள்கள் படும் பாடு அப்படி: நாற்காலிச் சக்கரம் ஏறும், பெருக்குகிறவர் துடைப்பம் இழுக்கும், ஃபால்ஸ் சீலிங்குக்குள் எலி கடிக்கும். இங்கே நுணுக்கமான ஒரு பழுது இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்குக் கேபிளின் நான்கு ஜோடியில் இரண்டு போதும். 1, 2, 3, 6 ஆகிய பின்கள் மட்டும்தான் வேலை செய்யும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஆகவே நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ அறுந்திருந்தால் சில கார்டுகள் 100-க்கு இறங்கி ஓடும், சில இணைப்பே பிடிக்காது. அதே கேபிள் ஒரு சிஸ்டத்தில் வேலை செய்து இன்னொன்றில் செய்யாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. கேபிள் டெஸ்டரில் எட்டு லைட்டும் வரிசையாக எரிகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் டெஸ்டரையும் முழுசாக நம்ப முடியாது. கம்பி தொடர்கிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். கிரிம்பிங்கின்போது (கேபிள் முனையில் பிளக் மாட்டும்போது) முறுக்கை அதிகமாகப் பிரித்து விட்ட கேபிளும், 100 மீட்டரைத் தாண்டி இழுத்த கேபிளும் அதில் பாஸ் ஆகிவிடும்.

முழு லேப்பும் போயிருக்கும்போது இந்த வழியில் இறங்குவது நேரத்தைத் தின்னும். அறுபது கேபிள் ஒரே நேரத்தில் கெடாது.

பிரவுசரிலிருந்து கீழே இறங்குவதைப் பலர் மதிப்பதில்லை. லைட் எரிகிறது, ஐ.பி. சரியாக இருக்கிறது, சில தளங்கள் வருகின்றன, சில வரவில்லை என்றால் இதுதான் சரியான வழி. பழைய சிஸ்டங்களில் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவையாகத் தெரிந்து, பாதுகாப்பான (https) தளங்கள் திறக்காது. மாணவருக்கு அது நெட் இல்லாத மாதிரிதான் படும். டாஸ்க்பாரின் மூலையில் கடிகாரத்தைப் பார்த்தால் முடிந்தது. லாகின் பக்கம் விஷயமும் இப்படித்தான். பாதுகாப்பான தளத்தைத் திறக்கப் போனால் ஃபயர்வாலால் அந்த லாகின் பக்கத்துக்கு ஒழுங்காகத் திருப்பிவிட முடியாது. பிழைச் செய்திதான் வரும். லாகின் பக்கத்தின் முகவரியை நேரே அடித்துத் திறக்கச் சொன்னால் வந்துவிடும்.

டாஸ்க்பாரில் வரும் 'இன்டர்நெட் இல்லை' சின்னத்தை வைத்து முடிவெடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் ஒரு குறிப்பிட்ட முகவரியிலிருந்து ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலை எடுக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் விண்டோஸ் அந்தச் சின்னத்தைப் போடுகிறது. ஃபயர்வால் அந்த முகவரியைத் தடுத்திருந்தால் நெட் நன்றாக ஓடும்போதும் சின்னம் இல்லை என்றே சொல்லும்.

சரி, நடுவில் தொடங்கும் வழிக்கு வருவோம். நான் அதிகம் நம்புவது இதைத்தான். கமாண்ட் ப்ராம்ட்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) அடித்து முகவரியைப் பார்த்தாலே பாதிக் கதை தெரியும். 169.254 என்றால் ஐ.பி. முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை. உங்கள் கல்லூரி 10 என்று தொடங்கும் முகவரிகளைத் தரும்போது இந்த சிஸ்டத்தில் மட்டும் 192.168.0 அல்லது 192.168.1 என்று வந்தால், எங்கோ ஒரு வீட்டு ரவுட்டர் லான் போர்ட் வழியாக உள்ளே மாட்டப்பட்டிருக்கிறது. அது முந்திக்கொண்டு ஐ.பி. கொடுத்துக்கொண்டிருக்கிறது. முகவரி சரியாக இருந்தால் கேட்வேயைப் பிங் செய்யுங்கள். அது பதில் சொன்னால் லேப், கேபிள், ஸ்விட்ச் எல்லாம் நல்லபடியாக இருக்கின்றன என்று விட்டுவிட்டு வெளியே பார்க்கலாம். அடுத்து வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-ஐப் பிங் செய்யுங்கள். அதுவும் பதில் சொல்லி, பெயர் அடித்தால் மட்டும் தளம் வரவில்லை என்றால் டிஎன்எஸ்தான் காரணம். மைக் முஸ் 1983 டிசம்பரில் ஒரு நெட்வொர்க் சிக்கலைப் பிடிப்பதற்காக எழுதிய சிறிய நிரல்தான் பிங். நாற்பது ஆண்டு கழித்தும் இந்த வேலைக்கு அதைவிட எளிதாக ஒன்று வரவில்லை.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. பல கல்லூரி ஃபயர்வால்களில் பிங்குக்குப் பதில் தராதபடி பூட்டி வைத்திருப்பார்கள். பதில் வரவில்லை என்பதால் மட்டும் கேட்வே செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. பிங் செய்த கையோடு 'ஏஆர்பி மைனஸ் ஏ' (arp -a) அடித்துப் பாருங்கள். கேட்வேயின் ஐ.பி.க்கு எதிரே மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் எண்) வந்திருந்தால் கேட்வே வரை வழி இருக்கிறது, பிங்குக்குத்தான் பேச மறுக்கிறது என்று தெரியும்.

இந்த வழி தன் அருமையைக் காட்டும் இடம், விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் வாரம். லேப்பும் வைஃபையும் ஒரே முகவரித் தொகுப்பில் இருந்தால் கிடைப்பது வழக்கமாக 254 முகவரிகள், அதிலும் சில ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் சர்வரில் டிஎச்சிபி லீஸ் (ஒரு முகவரி ஒருவரிடம் இருக்கும் காலம்) இயல்பாக 8 நாள். விடுமுறையில் அணைந்து கிடந்த லேப் சிஸ்டங்களின் லீஸ் முடிந்திருக்கும். திறந்த அன்று காலையிலேயே மாணவர்களின் போன்கள் முகவரிகளை அள்ளிக்கொண்டிருக்கும். முதல் மணி நேரத்தில் போட்ட சிஸ்டங்களுக்கு நெட் வரும், பிறகு போட்டவை 169.254-இல் நிற்கும். கேபிளைச் சோதித்தால் நன்றாக இருக்கும். ரீஸ்டார்ட் செய்தால், அந்த நேரத்தில் ஏதாவது போனின் லீஸ் விடுபட்டிருந்தால் ஒன்றிரண்டு சிஸ்டம் உயிர் பெற்று, ரீஸ்டார்ட்தான் மருந்து என்று நம்ப வைக்கும். ஐபிகான்ஃபிக்கைப் படித்துவிட்டு டிஎச்சிபி சர்வரில் எத்தனை முகவரி மிச்சம் என்று பார்க்கிறவருக்கு உடனே விளங்கிவிடும். போன்களைத் தனித் தொகுப்புக்கு மாற்றி, அவற்றின் லீஸைச் சில மணி நேரமாகக் குறைத்தால் தீர்ந்தது.

மாற்றி மாட்டிப் பார்ப்பது ஒற்றை சிஸ்டத்துக்கு மட்டும் உரியது. நெட் வருகிற பக்கத்து சிஸ்டத்தின் கேபிளைப் பிடுங்கி இதில் செருகுங்கள். வந்தால் சிஸ்டம் நல்லது, கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள். வராவிட்டால் சிஸ்டத்தைப் பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம் என்பதால் புதிதாகச் சேர்ந்த லேப் அசிஸ்டென்ட்டுக்கும் கற்றுக்கொடுக்கலாம். ஸ்விட்ச்சில் மேக் பூட்டு (குறிப்பிட்ட மேக் முகவரியை மட்டும் அனுமதிக்கும் ஏற்பாடு) போட்டிருக்கிறதா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். போட்டிருந்தால் வேறு சிஸ்டத்தைக் கண்டதும் போர்ட் தன்னை மூடிக்கொண்டுவிடக்கூடும். அப்போது ஒன்றுக்கு இரண்டு சிஸ்டமாகப் போகும்.

இத்தனை வழிகளில் எதுவும் உடனே கைகொடுக்காத ஒரு பழுது இருக்கிறது: லூப். பேட்ச் கார்டின் இரு முனையையும் ஒரே ஸ்விட்ச்சில் யாரோ செருகிவிட்டால், அதுவும் மேசைமேல் வைக்கும் மலிவான எட்டு போர்ட் ஸ்விட்ச்சில், பிராட்காஸ்ட் (எல்லா சிஸ்டத்துக்கும் போகும் செய்தி) சுற்றிச் சுற்றி வந்து பெருகி, கட்டடம் முழுவதையும் முடக்கிவிடும். பிங் ஒரு தடவை போகும், மூன்று தடவை போகாது. முகவரி கிடைக்கும், பிறகு போய்விடும். இப்படிக் குழப்பமான அறிகுறி கண்டால் சிஸ்டத்தை விட்டு எழுந்து ரேக்குக்குப் போங்கள். நல்ல நிலையில் இருக்கும் ஸ்விட்ச்சில் லைட்டுகள் ஆளுக்கொரு தாளத்தில் மின்னும். லூப் இருந்தால் எல்லா லைட்டும் ஒரே தாளத்தில், இடைவெளியில்லாமல் துடிக்கும். மேலே போகும் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் துடிப்பு அடங்குகிறதோ அந்தப் பக்கம்தான் லூப். இதைத் தடுக்கத்தான் ரேடியா பெர்ல்மன் 1985-இல் ஸ்பானிங் ட்ரீயை வடிவமைத்தார். மலிவான ஸ்விட்ச்களில் பெரும்பாலும் அது இருக்காது. அது இருந்தாலும் திட்டமில்லாமல் வலை வளர்ந்தால் தடுமாறும். ஹார்வர்டோடு இணைந்த பாஸ்டன் போதனா மருத்துவமனையான பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் 2002 நவம்பரில் ஸ்பானிங் ட்ரீ சிக்கலால் வலையமைப்பை இழந்து, சில நாட்கள் காகிதத்துக்குத் திரும்பியது.

ஆக, ஒரு சிஸ்டம் என்றால் மாற்றி மாட்டுவது, அப்புறம் கேபிள். ஒரு வரிசை என்றால் நேரே ரேக். முழு லேப் என்றால் ஐபிகான்ஃபிக், கேட்வே, ஏஆர்பி. பாதித் தளங்கள் மட்டும் வரவில்லை என்றால் பிரவுசரும் கடிகாரமும். தேர்வு தொடங்கப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் ரீஸ்டார்ட் செய்வதில் தப்பே இல்லை. மாணவர் காத்திருக்க முடியாது. ஸ்விட்ச்சில் கை வைக்கும் முன் போனை எடுத்து ஐபிகான்ஃபிக் திரையை ஒரு படம், ரேக்கின் லைட்டுகளைப் பத்து விநாடி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்த பிறகு உட்கார்ந்து தேட அவை இரண்டும் போதும்.