கெஸ்ட் போஸ்டுக்கு வலைப்பூ தேட ஏஎச்ரெஃப்ஸ் கன்டென்ட் எக்ஸ்ப்ளோரர் எவ்வளவு உதவும்?

கெஸ்ட் போஸ்ட், அதாவது அடுத்தவர் வலைப்பூவில் விருந்தினராக எழுதும் பதிவுக்கு இடம் தேடுபவர்கள் பலரும் கூகுளில் துறையின் பெயரோடு 'ரைட் ஃபார் அஸ்' (எங்களுக்கு எழுதுங்கள்) என்று சேர்த்துத் தட்டித்தான் தொடங்குகிறார்கள். அதில் முன்னால் வந்து நிற்பவற்றில் கணிசமானவை, காசு கொடுத்தால் எதையும் போடும் தளங்கள். நல்ல வலைப்பூக்கள் பலவற்றில் அப்படி ஓர் அழைப்புப் பக்கமே இருக்காது. எழுத்து பிடித்திருந்தால் வெளியிடுவார்கள், அவ்வளவுதான். அந்த வகைத் தளங்களைப் பிடிப்பதற்குத்தான், ஏஎச்ரெஃப்ஸ் என்ற சந்தா எஸ்இஓ சேவையில் உள்ள பதிவு தேடும் கருவியான கன்டென்ட் எக்ஸ்ப்ளோரர் லாயக்கு.

இந்தக் கருவி தேடுவது தனித்தனிப் பதிவுகளை. தலைப்பில், உள்ளடக்கத்தில், முகவரியில், எழுதியவர் பெயரில் என்று எங்கே தேட வேண்டும் என்பதை நாமே சொல்லலாம். வீட்டு உரம் தயாரிப்பு பற்றி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'தலைப்பில்' என்பதைத் தேர்ந்தெடுத்து 'கம்போஸ்ட்' என்று தேடுங்கள். உடனே 'ஒரு தளத்துக்கு ஒரு பக்கம்' என்ற வடிகட்டியைப் போடுங்கள். இதை மறந்தால் ஒரே பெரிய தளத்தின் நூறு பதிவுகள் பட்டியலை அடைத்துக்கொள்ளும். அடுத்து மொழி, கடந்த ஓராண்டில் வெளியானவை, குறைந்தது 500 சொற்கள். டொமைன் ரேட்டிங் (ஒரு தளத்துக்கு வரும் லிங்க்குகளின் பலத்துக்கு ஏஎச்ரெஃப்ஸ் கொடுக்கும் மதிப்பெண்) 20 முதல் 70 வரை போதும். அதற்கு மேலே இருப்பவை பெரும்பாலும் செய்தி நிறுவனங்களும் கடைகளும்தான்.

டிராஃபிக் வடிகட்டியில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாதம் 5,000 என்று அடிமட்டத்தை வைத்தால், சின்னதாக இருந்தாலும் நிஜ வாசகர்கள் உள்ள வலைப்பூக்கள் அத்தனையும் போய்விடும். கருவி காட்டும் எண், தேடலில் இருந்து வருபவர்களைப் பற்றிய மதிப்பீடு மட்டுமே. மின்னஞ்சல் சந்தாதாரர்களையும் நேராக வந்து படிப்பவர்களையும் அது பார்ப்பதில்லை. 300இல் தொடங்கி, பட்டியல் தாங்க முடியாத நீளத்துக்குப் போனால் மட்டும் ஏற்றுங்கள்.

இந்தக் கருவியில் மிகவும் பயனுள்ளது எழுதியவர் பெயரில் தேடும் வசதி. உங்கள் துறையில் அடிக்கடி கெஸ்ட் போஸ்ட் எழுதும் ஒருவரின் பெயரைக் கொடுத்து, அவருடைய சொந்தத் தளத்தைக் கழித்துவிட்டால், அவருக்கு இடம் கொடுத்த தளங்கள் வரிசையாக வந்துவிடும். வெளியாரின் எழுத்தை ஏற்பார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. இப்படி ஐந்தாறு பெயர்களைத் தேடி, இரண்டு மூன்று பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் தளங்களை முதலில் அணுகலாம். ஒரு குறை உண்டு. பல தளங்களில் கெஸ்ட் போஸ்ட் 'அட்மின்' பெயரிலோ ஆசிரியர் பெயரிலோதான் பதிவாகியிருக்கும், எழுதியவர் பெயர் கடைசிக் குறிப்பில் மட்டும் இருக்கும். அவை இந்தத் தேடலில் சிக்காது. அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, சொந்தத் தளத்தைக் கழித்து, கூகுளில் ஒருமுறை தேடினால் விட்டுப்போனவை கிடைக்கும்.

டொமைன் ரேட்டிங்கை நம்பி ஏமாறாதீர்கள். அது 0 முதல் 100 வரையான மடக்கை அளவு, அதாவது மேலே போகப் போக ஒவ்வொரு புள்ளியும் ஏறுவது கடினம். மற்ற தளங்களிலிருந்து வரும் லிங்க்குகளை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. யார் படிக்கிறார்கள், என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. காலாவதியான பழைய டொமைனை (இணையதள முகவரியை) வாங்கி, அதன் லிங்க்குகளை வைத்தே எண்ணை ஏற்றிக்கொள்ளலாம். 2024 மார்ச்சில் கூகுள் இந்த வேலையைத் தன் ஸ்பேம் விதிகளில் தனியாகவே சேர்த்தது. தரவரிசையைக் கூட்டும் நோக்கத்தில் மொத்தமாக கெஸ்ட் போஸ்ட் போடுவதும் அந்த விதிகளுக்கு எதிரானதுதான். அதனால் கழித்துக்கட்டும் வேலையைக் கருவியிடம் விடாமல் நாமே செய்ய வேண்டும்.

ஒரு தளத்தைத் திறந்ததும் கடைசிப் பத்துப் பதிவுகளின் தலைப்பைப் பாருங்கள். மண்புழு உரத்துக்கு அடுத்து தனிநபர் கடன், அதற்கு அடுத்து ஆன்லைன் சூதாட்டம் என்று போனால் மூடிவிடலாம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு புதுப் பெயர், அந்தப் பெயரில் வேறு பதிவே இல்லை என்றாலும் அதே கதைதான். பிறகு ஏஎச்ரெஃப்ஸின் இன்னொரு கருவியான சைட் எக்ஸ்ப்ளோரரில் அந்தத் தளத்தின் டிராஃபிக் வரைபடம். ஏற்ற இறக்கம் சாதாரணம், ஒரே மாதத்தில் செங்குத்தாக விழுந்து எழாமலேயே கிடந்தால் ஆகாது. 'டாப் பேஜஸ்' பகுதியில் வருகையில் பெரும்பங்கு துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரே பக்கத்துக்குப் போகிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, தளங்களின் பழைய தோற்றத்தைச் சேமித்துவைத்திருக்கும் வேபேக் மெஷினில் ஐந்து வருடம் பின்னால் போங்கள். அப்போது அங்கே பல் மருத்துவமனையின் பக்கம் இருந்தால், அது கைமாறிய டொமைன்.

ஒரு பழைய பதிவில் எழுத்தாளர் குறிப்பின் லிங்க்கை வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுத்து அதன் பின்னாலுள்ள நிரல்வரியைப் பார்ப்பதும் நல்லது. அங்கே 'ஸ்பான்சர்ட்' (விளம்பர லிங்க் என்ற குறி) என்று இருந்தால் அந்த இடம் அநேகமாக விற்கப்பட்டது. 'நோஃபாலோ' (இந்த லிங்க்கைத் தங்கள் பரிந்துரையாகக் கருத வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி) என்றிருந்தால் அதற்காக மட்டும் தள்ளிவிடாதீர்கள், சரியான வாசகர்கள் வருகிற தளம் என்றால் அதுவும் எழுதத் தகுந்த இடம்தான்.

மாதாமாதம் பல தளங்களை அணுகுபவர்களுக்குச் சந்தா பணம் வீண்போகாது. பத்து வலைப்பூ கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு இது தேவையில்லை. கூகுளில் பெயர்த் தேடல், மேலே சொன்ன பத்துத் தலைப்புச் சோதனை, வேபேக் மெஷின், இந்த மூன்றும் காசில்லாமல் அதே இடத்துக்குக் கொண்டுபோகும், நேரம்தான் கூடுதலாக ஆகும். எந்த வழியில் எடுத்த பட்டியல் என்றாலும், மூன்று மாதம் ஆகிவிட்டால் அனுப்புவதற்கு முன் கடைசிப் பத்துப் பதிவுகளை இன்னொருமுறை பாருங்கள். வலைப்பூக்கள் சத்தமில்லாமல் விலைபோய்விடும், எண்கள் மட்டும் பழையபடியே நிற்கும்.