கச்சானுக்கு முன்னால் இரண்டு தொப்பிகள்

இந்த முறை கச்சான், அதாவது வெயில்காலத்துக் காற்று, தொடங்கியபோது இரண்டு தொப்பி வாங்கினேன். ஒன்று, 'இந்த வசந்தகாலத்தின் தோற்றம்' என்று இணையத்தில் விற்ற அகல விளிம்புத் தொப்பி, 4,800 ரூபாய். மட்டக்களப்பில் வெயிலும் மாரியும்தான் உண்டு. வசந்தம் எந்த மாதத்தில் வருகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. மற்றது பனையோலைத் தொப்பி, 650 ரூபாய்.

நிழலுக்கு அகலத் தொப்பிதான் கெட்டிக்காரி. தோளிலும் வெயில் படாது. பாசிக்குடாக் கடற்கரையில் முழங்காலளவு தண்ணீரில் நின்று படம் எடுக்க ஓலைத் தொப்பி கிட்டவும் வராது. (படத்தில் என் முகம் தெரியவில்லை என்பது வேறு கதை.)

காற்றில்தான் எல்லாம் கெட்டது. கல்லடிப் பாலத்தில் பாதி நடக்கும் முன்பே விளிம்பு கண்ணை மூடியது, அப்புறம் நிமிர்ந்து தோணிப்பாய் மாதிரிப் புடைத்தது. ஒரு கை பைக்கு, ஒரு கை தொப்பிக்கு. முகத்தில் பறக்கிற முடியை ஒதுக்க மூன்றாவது கை இல்லை. 1908 வாக்கில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைவிட அகலமான தொப்பிகள் ஓடின. அந்தப் பெண்கள் நீண்ட ஊசியால் தொப்பியைக் கொண்டையோடு சேர்த்துக் குத்தினார்கள். நீட்டிக்கொண்டிருந்த முனை பக்கத்தில் நின்றவரைப் பதம் பார்க்க, 1910இல் சிக்காகோ நகரசபை ஊசி முனை அப்படி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. எனக்கோ குத்துவதற்குக் கொண்டையே இல்லை. ஸ்கூட்டியில் போனால் தலையில் ஹெல்மெட். தொப்பியை முதுகில் தொங்கவிட்டால் கயிறு கழுத்தை நெரிக்கிறது.

ஓலைத் தொப்பியின் விளிம்பு நாலு விரல்தான். காற்றுக்குப் பிடி கிடைக்காது. நாடாவைத் தாடைக்குக் கீழே முடிந்துவிட்டால் வைத்த இடத்தில் இருக்கும். முதல் வாரம் ஓலை நெற்றியை அரித்தது; உள்ளே பழைய பருத்திச் சீலைத் துண்டு வைத்துத் தைத்தேன், சரியாகிவிட்டது. "எங்ககா போறாய், சுளகத் தலையில கவுத்துக்கிட்டு?" என்ற பெரியம்மாவின் கேள்வியும் நின்றது. ஆனால் இது மாரியின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் தப்புமா என்பது கார்த்திகை கழிந்தால்தான் தெரியும்.

அகலத் தொப்பியைப் பாதி விலைக்கு விற்கப் பார்த்தேன். வாங்க ஒருவரும் இல்லை, இரவல் கேட்கத்தான் வரிசை. இந்தச் சனிக்கிழமை மச்சாளோடு பாசிக்குடாவுக்குப் போகிறது.