திண்ணைக்கு வரும் சுகர் மாத்திரை: மக்களைத் தேடி மருத்துவம் எப்படி?

கொரோனா ஊரடங்கில் பஸ் நின்றதும், அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சுகர், பிரஷர் மாத்திரை வாங்கப் போவதே பெரும்பாடானது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. 45 வயது தாண்டியவர்களுக்குப் பரிசோதனை, படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சை, பிசியோதெரபி, கிட்னி செயலிழந்தவர்களுக்கு வயிற்றுவழி டயாலிசிஸுக்கான பைகள் எல்லாம் இதில் உண்டு. வருபவர் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர். அக்கம்பக்கத்துக்காரர் என்பதால் பாட்டிகள் கூச்சமில்லாமல் பேசுவார்கள். இதன் பெரிய பலமே அதுதான்.

மாத்திரை வந்து சேர்ந்த பிறகுதான் வீட்டில் சிக்கல். கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும். பழைய அட்டையும் புது அட்டையும் டப்பாவில் கலந்துவிட்டால், ஒரே மருந்தை இரண்டென்று நினைத்துச் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை இப்படி இரட்டித்தால் சுகர் 70-க்குக் கீழே இறங்கி, வேர்த்துக் கொட்டி, கை நடுங்கும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். புது அட்டை வந்த அன்றே, நிறத்தைப் பார்க்காமல் அதில் அச்சிட்ட பெயரையும் மில்லிகிராமையும் பழையதோடு ஒப்பிட்டுவிட்டால் இந்த வம்பே இல்லை.

அடுத்தது பிரஷர் அளவெடுப்பது. கழனியிலிருந்து வந்த சூட்டோடு வாசலில் நின்று எடுத்த பிரஷரை வைத்து டோஸை மாற்றினால் தப்பாகத்தான் போகும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும். பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில், பிரஷர் மிஷினின் பட்டை வெறும் தோலில். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபியும் பீடியும் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை எடுத்து, இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும்.

மாம்பழக் காலத்தில் சுகர் மிஷினும் ஏமாறும். பெங்களூரா நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால் பழத்தின் இனிப்பையும் சேர்த்தே சொல்லும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரல் நுனியின் ஓரத்தில் குத்த வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைத்தாலும் அளவு கெடும். களிதானே என்று இரண்டு உருண்டை சாப்பிட்டுவிட்டு மிஷினைத் திட்டுவதும் நியாயமில்லை. கேழ்வரகும் மாவுச்சத்துதான்.

காய்ச்சலோடு வாந்தி, பேதி வந்தால் அடுத்த வருகைவரை காத்திருக்க வேண்டாம். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று அன்றே டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது.

இந்தத் திட்டத்துக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் தரலாம். விழித்திரைப் பரிசோதனைக்கு மட்டும் ஆண்டுக்கொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் வேறு. அது பிரஷரை ஏற்றும், கிட்னியைக் கெடுக்கும். தன்னார்வலர் வரும்போது அந்த அட்டையையும் மறைக்காமல் எடுத்துக் காட்டுங்கள்.