வீட்டு வாசலில் இறங்க விடாத வண்டி

போன வாரம் என் காரில் இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டு வந்த அன்றைக்கே நண்பனிடமிருந்து போன். "மச்சான், உன் வண்டி மாதிரியே ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது. அதே மூணு லிட்டர் டீசல், அதே எஸ்டேட். வாங்கலாமா?" மெக்கானிக்குக்கு டார்ச் பிடித்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டின் வாசனை கையை விட்டுப் போகாமல் நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வைத்தேன். அப்புறம் யோசித்தால், ஏழு வருடம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் சுமந்த வண்டியை இரண்டே வாக்கியத்தில் திட்டித் தீர்த்தது அநியாயமாகப் பட்டது. அதனால் நிதானமாக எழுதுகிறேன். நிதானம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்போம்.

கம்பெனி பெயர் வேண்டாம். எஸ்டேட் என்றதும் தேயிலைத் தோட்டம் ஞாபகம் வருபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: செடானின் கூரையைக் கடைசி வரை நீட்டி, டிக்கியையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் அதுதான் எஸ்டேட்.

முதலில் இன்ஜின். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்பவை. ஒரு பிஸ்டன் ஏறும்போது ஏற்படும் உதறலை இன்னொன்று இறங்கும்போது அடித்துவிடும். நாலு சிலிண்டருக்குப் பொருத்துவதுபோல இதற்கு உதறலைத் தணிக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் வேண்டியதில்லை. காலையில் குளிர்ந்த இன்ஜினைப் போட்டதும் இரண்டு நிமிடம் டீசல் டீசலாகத்தான் கடகடக்கும். அது அடங்கிய பிறகு, ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, கியர் லீவர்மேல் கையை வைத்துப் பார்த்தால்தான் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியும். முறுக்குவிசை 500 நியூட்டன் மீட்டருக்கு மேல், அதுவும் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குள்ளேயே மொத்தமாகக் கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் 110-இல் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் ஒரு லாரி. பெட்ரோல் வண்டியாக இருந்தால் கியர் இரண்டு படி இறங்கி, இன்ஜின் கத்தி, அப்புறம்தான் வேகம் பிடிக்கும். இதில் காலை ஒரு நெல்மணி அளவு கூடுதலாக அழுத்தினால் போதும். சத்தம் மாறாது, இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள்ளும் பெரிதாக நகராது. லாரி மட்டும் கண்ணாடியில் பின்னால் போய்க்கொண்டிருக்கும். எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினாலும் இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டலாம் போலிருக்கும். அப்படி ஓட்டும்போது லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் சாதாரணமாகக் கிடைத்திருக்கிறது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வேறு இடத்தில் இருந்தது. வாங்கும்போது பின்பக்கத்து ஏர் சஸ்பென்ஷனை நான் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. வீடு மாற்றியபோது புத்தகப் பெட்டிகள் மட்டும் பதினான்கு. எல்லாவற்றையும் பின்னால் அடுக்கியதும் வண்டி பின்னங்காலை மடக்கிய மாடு மாதிரி உட்கார்ந்துவிட்டது. டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையவில்லை. சரி, இரண்டு நடையாகப் போகலாம் என்று நினைத்தபடி இன்ஜினைப் போட்டேன். எங்கோ அடியில் ஒரு சின்ன கம்ப்ரஸர் முனக ஆரம்பித்தது. பின்பக்கம் மெல்ல, கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில், எழுந்தது. கீழே இறங்கிப் போய் மறுபடி விரலை விட்டுப் பார்த்தேன். நாலு விரல் தாராளமாகப் போனது. ஸ்ப்ரிங்குக்குப் பதில் இரண்டு ரப்பர் பைகள், உயரத்தை அளக்க ஒரு சென்ஸார், காற்று நிரப்ப ஒரு கம்ப்ரஸர், அவ்வளவுதான் விஷயம். பாரம் ஏறினாலும் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணைக் குத்தாது, வளைவில் பின்பக்கம் ஆடாது. அன்றைக்கு நான் அந்த வண்டியிடம் "சபாஷ்" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் யாரும் இல்லை.

எஸ்யூவி வாங்கியிருக்கலாமே என்று கேட்காதவர் இல்லை. அதே சாமான் இதில் கொள்கிறது, உயரம் குறைவாக இருப்பதால் வளைவில் சாய்வது குறைவு, காற்றைக் கிழிக்கும் முகப்பும் சிறியது. குறையும் உண்டு. செடானில் பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு தடுப்பு இருக்கும், இதில் கிடையாது. அதனால் பின் டயரின் இரைச்சல் நேராக உள்ளே வருகிறது. டிக்கியை மூடும் சுருள் திரை மேடு பள்ளத்தில் டக் டக் என்று அடிக்கும். அதற்கு ஒரு பழைய சாக்ஸைச் சொருகி வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டீசல் ஃபில்டர்.

சைலன்சர் பாதையில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர், 2000-இல் பியூஜோ 607-இல் வந்தது. இன்று டீசல் கார் என்றாலே அது இருக்கும். பிடித்த கரி சேர்ந்துகொண்டே போனால் மூச்சு அடைக்கும் அல்லவா? அதனால் அவ்வப்போது அதை எரித்துத் தீர்க்க வேண்டும். கரி தானாக எரிய 600 டிகிரி பக்கம் சூடு வேண்டும். டீசல் இன்ஜினோ, மெதுவாக ஓட்டும்போது புகையை 200 டிகிரி சுமாருக்குத்தான் வெளியே விடும். எரிபொருளின் சூட்டை வீணாக்காமல் உழைப்பாக மாற்றுவதுதான் டீசலின் பெருமை. அந்தப் பெருமையேதான் இங்கே காலை வாருகிறது. வீணாகப் போக வேண்டிய சூடு போதாமல், வண்டி வேண்டுமென்றே கொஞ்சம் டீசலைத் தாமதமாக சிலிண்டருக்குள் பீய்ச்சி, அதைப் புகைப்பாதையில் எரித்து, ஃபில்டரைச் சூடேற்றுகிறது. சிக்கனத்துக்காக வாங்கிய இன்ஜின், சிக்கனமாக இருந்த குற்றத்துக்காக டீசலைக் கொளுத்துகிறது!

நெடுஞ்சாலையில் இது நடப்பதே தெரியாது. நான் வாங்கிய காலத்தில் தினமும் தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஃபில்டர் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் வேலை மாறியது. இப்போது ஆபீஸ் ஆறு கிலோமீட்டர். இன்ஜின் சூடாவதற்குள் பார்க்கிங் வந்துவிடும். வண்டி எரிக்க ஆரம்பிக்கும், நான் நிறுத்திவிடுவேன். மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிறுத்திவிடுவேன். லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் என்று இறங்கியது.

எரிப்பு நடக்கும்போது காட்ட டேஷ்போர்டில் ஒரு விளக்குகூடக் கிடையாது. கரி எல்லை மீறிச் சேர்ந்தால்தான் மஞ்சள் விளக்கு எரியும். எரிப்பு நடக்கிறதா என்று நானே மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். ஐடில் சுற்று 700-லிருந்து 900-க்கு மேல் போகும். சிக்னலில் தானாக அணைய வேண்டிய இன்ஜின் அணையாது. நிறுத்தியபின் ரேடியேட்டர் ஃபேன் பேய் மாதிரி ஓடும், சூடான இரும்பு வாசனை வரும். ஒரு நாள் மனைவியோடு வீட்டு வாசல் வரை வந்துவிட்டேன். ஐடில் ஏறியிருந்தது. "நீ இறங்கிக்கோ, நான் ஒரு சுற்று போயிட்டு வந்துடறேன்" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு, கதவைப் பிடித்தபடி கேட்டாள்: "உடம்பு சரியில்லாதது வண்டிக்கா, உங்களுக்கா?" பதில் சொல்லவில்லை. இருபது நிமிடம், போக இடமில்லாமல், குழந்தையைத் தூங்கவைக்கத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் மாதிரி சுற்றினேன். ஐடில் இறங்கியதும் திரும்பினேன். இது ஒரு நாள் கதை இல்லை, வாரம் இரண்டு முறை.

இதில் என் முட்டாள்தனம் ஒன்றும் உண்டு. டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையவே இல்லை என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை பார்த்தால் மேல் கோட்டையும் தாண்டியிருந்தது. அட்சய பாத்திரம் என்று நினைத்துச் சிரித்தேன். துணியில் துடைத்து முகர்ந்ததும்தான் சிரிப்பு நின்றது: டீசல் வாடை. தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. அன்றிலிருந்து கம்பெனி சொன்ன இடைவெளியில் பாதியிலேயே ஆயில் மாற்றுகிறேன், சாம்பல் குறைவாக விடும் ரகம் மட்டும்தான். கரி எரிந்துவிடும், ஆயிலின் சாம்பல் எரியாது. அது ஃபில்டரிலேயே தங்கிவிடும்.

கடைசியில் மஞ்சள் விளக்கு எரிந்தேவிட்டது. முதலில் காட்டிய சர்வீஸில் ஃபில்டரையே மாற்ற வேண்டும் என்று ஒரே வார்த்தையில் முடித்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தனியாகக் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஃபில்டரைப் பார்க்கவே இல்லை. ஸ்கேனரை மாட்டிவிட்டு, "கொஞ்சம் ஓட்டுங்க சார், பேசாம ஓட்டுங்க" என்றார். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம். டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் வழக்கம்போல நட்டநடுவில். ஸ்கேனரிலோ கூலண்ட் 69 டிகிரி. "முள்ளு பொய் சொல்லுது" என்றார். பல வண்டிகளில், இன்ஜின் ஓரளவு சூடாகிவிட்டால் ஏற்ற இறக்கம் எதுவானாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்களாம், நாம் பதறக்கூடாது என்று. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டு, கூலண்டை எந்நேரமும் ரேடியேட்டருக்கு விட்டுக்கொண்டிருக்கிறது. சூடு ஏறவில்லை, ஏறாததால் எரிப்பை இன்ஜின் கம்ப்யூட்டரே முழுசாக முடிய விடாமல் பாதியில் நிறுத்தியிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வு. நான் எத்தனை மாதம் தெருவைச் சுற்றியது வெறும் பிரதட்சணம் என்று அப்போதுதான் புரிந்தது.

மாற்றியாயிற்று. ஸ்கேனரை வைத்தே ஃபில்டரையும் ஒருமுறை முழுசாக எரித்துக் கொடுத்தார். இப்போது 90 டிகிரியில் நிற்கிறது, 500 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் எரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காரணமே இல்லாமல் இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தேன். பழைய இன்ஜின் திரும்பி வந்துவிட்டது. அந்த நெல்மணி அளவு அழுத்தலுக்கு அதே பதில். ஆனாலும் வாசலில் நிறுத்தும்போதெல்லாம் என் கண் டாக்கோமீட்டருக்குத்தான் போகிறது. மூன்று வருடப் பழக்கம் ஒரு வால்வோடு போகுமா?

நண்பனுக்கு: உன் ஆபீஸ் உன் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். வாங்காதே. பெட்ரோல் பார், ஹைபிரிட் பார், சைக்கிள்கூடப் பார். இது உனக்கான வண்டி இல்லை; நியாயமாகப் பார்த்தால் இப்போது எனக்கானதும் இல்லை. முடிவாகச் சொல்கிறேன், வேண்டாம்.

அந்த வண்டியின் போட்டோ இருந்தால் மட்டும் அனுப்பு. பின்னால் ஏர் சஸ்பென்ஷன் இருக்கிறதா, என்ன கலர் என்று சும்மா பார்க்கிறேன்.