அக்விடக்ட் தண்ணீர் இடர் வரைபடம்: வறட்சி மதிப்பீட்டுக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

உலக வளங்கள் நிறுவனம் நடத்தும் அக்விடக்ட், தண்ணீர் சார்ந்த இடர்களை உலக வரைபடத்தில் நிறம் பிரித்துக் காட்டும் இணையக் கருவி. 2023 ஆகஸ்டில் வந்த 4.0 பதிப்பை இங்கே எடுத்துக்கொள்கிறோம். கட்டணம் கிடையாது. தரவு முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். ஒரு பகுதி மக்கள் வறட்சிக்கு எவ்வளவு ஆளாவார்கள் என்று கேட்டால், தொண்டு நிறுவனம் முதல் வங்கி வரை பலரும் முதலில் திறப்பது இதைத்தான்.

தண்ணீர்த் தட்டுப்பாடு எந்தெந்த வடிநிலங்களில் (ஓர் ஆற்றுக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்புகளில்) இறுகுகிறது என்று பார்க்க இது மிக நல்ல கருவி. வறட்சி வந்தால் யார் எழ முடியாமல் விழுவார்கள் என்று அறிய இது போதாது. முதல் சல்லடையாக வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம். இறுதி விடையாக எடுத்துக்கொண்டால், உதவி தேவைப்படும் இடங்களே விடுபட்டுப் போகும். அப்படி விடுபடுவதற்குக் காரணம் அதன் கணக்கிலேயே இருக்கிறது.

வரைபடத்தில் மொத்தம் 13 குறியீடுகள். திறந்தவுடன் கண்ணில் படுவது நீர் நெருக்கடி. ஓர் ஆற்று வடிநிலத்தில் பாசனம், வீடு, தொழில், கால்நடை ஆகியவற்றுக்கான மொத்தத் தேவையை, அங்கே புதுப்பித்துக் கிடைக்கும் ஆற்றுநீர், நிலத்தடி நீரால் வகுத்து வரும் விகிதம் அது. 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 20 முதல் 40 வரை நடுத்தரத்துக்கு மேல், 40 முதல் 80 வரை அதிகம், 80-ஐத் தாண்டினால் மிக அதிகம். கணக்கு தெளிவு, அளவுகோலும் தெளிவு. ஆனால் இது வறட்சியின் அளவு அல்ல. வறட்சி என்பது ஓர் இடத்தின் வழக்கமான மழையிலிருந்து ஏற்படும் சரிவு. நீர் நெருக்கடியோ நல்ல மழை பெய்த ஆண்டிலும் தொடரும் நிரந்தர இழுபறி.

இந்த இரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் வரும் பிழை பெரியது. மானாவாரிப் பயிர் நேரடியாகக் குடிக்கும் மழைநீர் இந்தக் கணக்கில் தேவையாகவே சேராது. ஆகவே முழுக்க மானாவாரியை நம்பி வாழும் பகுதி, கால்வாயும் மோட்டாரும் இல்லாத ஒரே காரணத்தால் பாதுகாப்பான நிறத்தில் தெரியும். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி நீர் நெருக்கடி வரைபடத்தில் அப்படித்தான் தெரிகிறது. அங்கே தண்ணீர் வசதி நிறைந்திருக்கிறது என்பது அதன் பொருள் அல்ல. எடுத்துப் பயன்படுத்தும் வசதி குறைவு, அதனால் கணக்கில் தேவையும் குறைவு. பருவமழை ஒருமுறை பொய்த்தால் விதைத்த முதலும் போய்விடும் குடும்பங்கள் அந்த நிறத்துக்குள்தான் இருக்கின்றன.

எனவே வறட்சி பற்றிய வேலை என்றால் வறட்சி இடர் என்ற தனி அடுக்கைத் தேர்ந்தெடுங்கள். அளவு சார்ந்த இயற்பியல் இடர்கள் என்ற தொகுப்புக்குள் அது இருக்கிறது. இந்த அடுக்கு அக்விடக்ட் குழு புதிதாகக் கணக்கிட்டதல்ல. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட உலக வறட்சி இடர் ஆய்விலிருந்து எடுத்தது. மூன்று பகுதிகளைப் பெருக்கி இடர் வருகிறது. முதலாவது ஆபத்து: 1901 முதல் 2010 வரையிலான மாத மழைத் தரவிலிருந்து, கடும் மழைக்குறைவு நேரும் வாய்ப்பு. இரண்டாவது, அந்த ஆபத்தின் எதிரே நிற்பவை: பயிர்நிலம், கால்நடை, மக்கள்தொகை, நீர் நெருக்கடி. மூன்றாவது பாதிப்புறுதன்மை, அதாவது அடி விழுந்தால் தாங்க முடியாத நிலை: வறுமை, எழுத்தறிவு, ஆயுட்காலம், மேம்பட்ட குடிநீர், நிர்வாகத் திறன், அகதிகள் தொகை, பாசன நிலப்பங்கு, சாலை அடர்த்தி உள்ளிட்ட 15 காரணிகள். முடிவு 0 முதல் 1 வரை, 0.2 இடைவெளியில் ஐந்து வகைகளாகப் பிரித்துக் காட்டப்படுகிறது.

கட்டமைப்பு நல்லது. சமூகத்தையும் மழையையும் ஒரே கணக்கில் கொண்டுவந்த துணிவுக்காகவே பாராட்டலாம். குறை எங்கே என்றால், சமூகக் காரணிகளில் பெரும்பாலானவை நாட்டளவுச் சராசரிகள். எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் ஒரே மண், ஒரே மழை, ஒரே வாழ்முறை கொண்ட இரு கிராமங்கள் வெவ்வேறு மதிப்பெண் பெறலாம். ஒரே நாட்டுக்குள் தலைநகரின் வசதியான வட்டாரமும் நிலமற்ற கூலிகள் வாழும் வறண்ட மூலையும் அந்த மூன்றாம் பகுதியில் ஏறக்குறைய ஒரே எண்ணைப் பெறும். நிறத்தின் விளிம்புகள் நுணுக்கமாகத் தெரிவதால், சமூகத் தரவும் அதே நுணுக்கத்தில் இருப்பதாக வாசகர் நம்பிவிடுகிறார். நுணுக்கம் பெரும்பாலும் மழையிலிருந்தும் நிலப்பயன்பாட்டிலிருந்தும் வருவது.

இன்னொரு சிக்கல், பெருக்கல். எடுத்துக்காட்டுக்கு இரண்டு பகுதிகள். ஒன்றில் ஆபத்து 0.8, எதிரே நிற்பவை 0.5, பாதிப்புறுதன்மை 0.4. மற்றொன்றில் 0.4, 0.5, 0.8. இரண்டுக்கும் பெருக்குத்தொகை 0.16, வரைபடத்தில் ஒரே நிறம். முதல் பகுதிக்கு வேண்டியது நீர்ச்சேமிப்பும் முன்னெச்சரிக்கையும். இரண்டாவதற்கு வேண்டியது வருமானப் பாதுகாப்பு, கடன் நிவாரணம், சுகாதாரம். அக்விடக்ட் காட்டுவது பெருக்குத்தொகையை மட்டும்தான், மூன்று பகுதிகளையும் தனித்தனியே தருவதில்லை. திட்டம் தீட்டுபவருக்கு இதுதான் மிகப் பெரிய இழப்பு. அந்த மதிப்பெண் ஓர் ஒப்பீடு மட்டுமே என்பதையும் மறக்கக்கூடாது. 0.6 பெற்ற பகுதி 0.3 பெற்றதைப்போல இரு மடங்கு இழப்பைச் சந்திக்கும் என்று எழுதினால் அது தவறு. எதிரே நிற்க ஆளும் பயிரும் குறைந்த வெப்பமண்டலக் காடுகளும் துருவப் புல்வெளிகளும் குறைந்த இடர் என்று வருவதும் இதே பெருக்கலால்தான். அங்கே வறட்சியே வராது என்று அதற்குப் பொருள் இல்லை.

இந்த அடுக்கின் காலம் 2000 முதல் 2014 வரை. அதற்குப் பிறகு ஒரு பகுதி பயிர்க் காப்பீடு பெற்றிருந்தாலும் ஆழ்துளைக் கிணறுகள் வற்றிப்போயிருந்தாலும் இதில் தெரியாது. முன்னேற்றத்தை ஆண்டுதோறும் அளக்க இதை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம்.

பயன்படுத்தும் முறை எளிது. ஓர் இடத்தைத் தேடலாம், வரைபடத்தில் புள்ளி வைக்கலாம், அல்லது பல இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை ஓர் அட்டவணைக் கோப்பில் ஏற்றி எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மதிப்பெண் பெறலாம். பிழைகள் பெரும்பாலும் இந்த ஏற்றும் கட்டத்தில்தான் நுழைகின்றன. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப்போவது சாதாரணமாக நடக்கும். தெற்கு, மேற்குக் குறியீடுகளுக்குக் கழித்தல் குறி விடுபட்டால் புள்ளி வேறு கண்டத்தில் போய் விழும். பாகை-நிமிட வடிவில் இருப்பதைத் தசம வடிவுக்கு மாற்றிவிட்டே ஏற்ற வேண்டும். ஏற்றியதும், மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் புள்ளிகள் எல்லாம் சரியான இடத்தில் விழுந்தனவா என்று வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புள்ளி சரியாக விழுந்தாலும் வடிநிலம் தவறாக இருக்கலாம். மதிப்பெண் புள்ளிக்கு உரியதல்ல, அது விழும் துணை வடிநிலம் முழுவதற்கும் உரியது. இரண்டு வடிநிலங்களைப் பிரிக்கும் நீர்பிரி மேட்டுக்கு அருகில் இருக்கும் ஊர், சில நூறு மீட்டர் நகர்ந்தால் முற்றிலும் வேறு மதிப்பெண் பெறும். அதைவிட முக்கியம், ஒரு நகரம் தொலைவிலுள்ள வேறொரு வடிநிலத்து நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் போட்டுக் குடித்தால், வரைபடம் அதை அறியாது. அப்படிப்பட்ட இடங்களுக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் இரண்டாவது புள்ளி வைத்து இரண்டு எண்களையும் பதிவு செய்ய வேண்டும்.

இறக்கிய தரவில் ஒரு பொறி இருக்கிறது. தரவு இல்லாத இடங்களுக்கு -9999 என்றும், வறண்ட, நீர்ப்பயன்பாடு மிகக் குறைந்த வடிநிலங்களுக்கு வகை நிரலில் -1 என்றும் குறித்திருப்பார்கள். அவற்றை நீக்காமல் விரிதாளில் சராசரி எடுத்தால் முழு மாவட்டமும் அபத்தமான எண்ணுக்குப் போய்விடும். வடிகட்டிய பிறகே கணக்கிடுங்கள்.

மாத வாரியாகப் பார்க்கும் வசதி இந்தக் கருவியின் சிறந்த அம்சங்களில் ஒன்று, ஆனால் பலரும் தொடாமல் விடுவது. ஆண்டுச் சராசரியில் நடுத்தரமாகத் தெரியும் வடிநிலம், விதைப்புக்கு முந்தைய மாதங்களில் மிக அதிக நெருக்கடிக்குப் போவது உண்டு. நீர் நெருக்கடி, நீர் தீர்தல் (கிடைக்கும் நீரில் திரும்பி வராமல் செலவாகும் பங்கு), ஆண்டுக்கு ஆண்டு மாறுபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே இந்த வசதி. வறட்சி இடருக்கு இல்லை.

எதிர்காலக் கணிப்பு 2030, 2050, 2080 ஆகிய மூன்று காலங்களுக்கு, மூன்று உமிழ்வுப் பாதைகளில் (பசுங்குடில் வாயு உமிழ்வு எப்படிப் போகும் என்ற அனுமானங்களில்) கிடைக்கிறது. நீர் வரத்து, தேவை, நெருக்கடி, பருவ மாறுபாடு போன்றவற்றுக்கே இது உண்டு. வறட்சி இடருக்கு எதிர்கால அடுக்கே கிடையாது. 2050 வரைபடத்தை எடுத்து எதிர்கால வறட்சி என்று தலைப்பிடும் அறிக்கைகள் அந்த அளவில் தவறானவை. மூன்று பாதைகளில் ஒன்றை மட்டும் காட்டாமல் மூன்றையும் காட்டி, அவற்றுக்கிடையே உள்ள விலகலைச் சொல்வதே நேர்மை.

எல்லாக் குறியீடுகளையும் எடையிட்டுச் சேர்த்த ஒட்டுமொத்த மதிப்பெண்ணைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ள இடரும் வறட்சி இடரும் கழிவுநீரும் ஒரே சராசரிக்குள் போகின்றன, ஒன்றின் நல்ல எண் மற்றொன்றின் கெட்ட எண்ணை மறைத்துவிடுகிறது. வெப்ப அலை என்பதற்கு இதில் இடமே இல்லை. வறட்சியும் கடும் வெப்பமும் சேர்ந்து தாக்கும்போது கூலி வேலை, கால்நடை, முதியோர் உடல்நலம் எல்லாம் ஒன்றாகச் சரியும். அந்தச் சேர்க்கையை வேறு தரவு கொண்டுதான் பார்க்க வேண்டும்.

மாற்றுகளைச் சுருக்கமாகச் சொன்னால், நோட்ரே டாம் பல்கலைக்கழகத்தின் என்டி-கெயின் குறியீடு பாதிப்புறுதன்மையையும் தயார்நிலையையும், இன்ஃபார்ம் இடர்க் குறியீடு பாதிப்புறுதன்மையையும் சமாளிக்கும் திறனையும் தனித்தனியே பிரித்துத் தருகின்றன. அக்விடக்ட் மறைக்கும் பகுதி அங்கே தெரியும். இரண்டின் உலகப் பதிப்பும் நாட்டளவில் நின்றுவிடும். இப்போது நடந்துகொண்டிருக்கும் வறட்சியைக் கவனிக்க ஐரோப்பிய ஆணையத்தின் உலக வறட்சிக் கண்காணிப்பகம் பொருத்தம்.

அக்விடக்ட் காட்டிய பகுதிகளுக்குள் யார் பாதிக்கப்படுவார் என்பதை உள்ளூர்த் தரவு கொண்டு நாமே கட்டியாக வேண்டும். மழைக்கு, குறைந்தது 30 ஆண்டு மாதப் பதிவை எடுத்து மழை அந்த இடத்தின் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும், எஸ்பிஐ எனப்படும் சீர்மழைக் குறியீட்டைக் கணக்கிடுங்கள். உலக வானிலை அமைப்பு பரிந்துரைக்கும் அளவு இது. -1-க்குக் கீழே மிதமான வறட்சி, -1.5-க்குக் கீழே கடுமை, -2-க்குக் கீழே அதிதீவிரம். மானாவாரிப் பயிருக்கு 3 மாத அளவையும், நீர்த்தேக்கம், நிலத்தடி நீருக்கு 12 மாத அளவையும் பாருங்கள். வழக்கமாகவே மழை இல்லாத மாதங்களில் 1 மாத எஸ்பிஐ ஏமாற்றும், ஏனெனில் சில மில்லிமீட்டர் வித்தியாசமே பெரிய எண்ணாக மாறிவிடும். வெப்பம் கூடிவரும் இடங்களில் ஆவியாதலையும் சேர்த்துக் கணக்கிடும் எஸ்பிஇஐ இன்னும் பொருத்தம்.

சமூகக் காரணிகளுக்குக் குடும்ப அளவிலோ ஊர் அளவிலோ தரவு வேண்டும்: மானாவாரி நிலத்தின் பங்கு, கோடையில் கிணற்றின் நீர்மட்டம், குடிநீருக்கு நடக்கும் தூரம், பண்ணைக்கு வெளியே வருமானம் உண்டா, கடன் யாரிடம், அடுத்த பருவத்துக்கு விதை கையிருப்பு உண்டா. ஒவ்வொன்றையும் 0 முதல் 1 வரை மாற்றும்போது திசையைக் கவனியுங்கள். எழுத்தறிவு கூடினால் பாதிப்பு குறையும், ஆகவே அதை 1-இலிருந்து கழிக்க வேண்டும். இதை மறந்தால் படித்த ஊர்கள்தான் அதிகம் பாதிக்கப்படும் என்று வரைபடம் சொல்லும். ஒரே ஊரின் விபரீத எண் மற்ற எல்லாரையும் அளவுகோலின் ஓரத்தில் நெருக்கிவிடுகிறதா என்றும் பாருங்கள். வறுமையும் குடிசை வீட்டுப் பங்கும் ஒன்றோடொன்று இணைந்தே நகர்ந்தால் ஒன்றைக் கைவிடுங்கள், இல்லையேல் ஒரே குறை இரண்டு முறை எண்ணப்படும். எடைகளைச் சற்றே மாற்றிப் பார்த்து முதல் வரிசையில் வரும் ஊர்கள் மாறிக்கொண்டே இருந்தால், அந்தத் தரவரிசையை வைத்துப் பணம் ஒதுக்கக்கூடாது.

சரிபார்க்கும்போது நிவாரணம் பெற்றோர் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். நிர்வாகம் எட்டிய இடங்கள்தான் அந்தப் பட்டியலில் மேலே வரும். எட்டாத இடங்களின் துயரம் பதிவாகாது. கால்நடை விற்பனையின் திடீர் உயர்வு, பள்ளி வருகைச் சரிவு, இடப்பெயர்வு ஆகியவற்றை எஸ்பிஐ விழுந்த மாதங்களோடு வைத்துப் பாருங்கள்.

அறிக்கையில் சொல்லாட்சியும் முக்கியம். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2007 அறிக்கையில் பாதிப்புறுதன்மைக்குள்ளேயே வெளிப்பாட்டையும் (மேலே எதிரே நிற்பவை என்று சொன்னதையும்) சேர்த்திருந்தது. 2014 அறிக்கை அதை வெளியே எடுத்து, ஆபத்து, வெளிப்பாடு, பாதிப்புறுதன்மை மூன்றும் சேர்ந்தது இடர் என்று வகுத்தது. பழைய மதிப்பீட்டின் எண்ணையும் புதியதன் எண்ணையும் அருகருகே வைக்கும் முன், எந்த வரையறை என்று பார்த்துவிட வேண்டும். அக்விடக்டுக்கும் இதே விதி: 2019-இல் வந்த 3.0 பதிப்பின் அடிப்படைக் காலமும் உள்ளீட்டுத் தரவும் வேறு என்பதால், இரண்டு பதிப்புகளுக்கிடையே நிறம் மாறியிருப்பதை நிலைமை மாற்றமாக எழுதக்கூடாது. பதிப்பு எண், அடுக்கின் பெயர், இறக்கிய தேதி மூன்றையும் ஒவ்வொரு படத்தின் கீழும் குறித்து, மூலக் கோப்பைத் தனியே சேமித்து வையுங்கள்.