கனமான வாசற்கதவைக் கழற்ற: கம்பியை உருவுவதா, ஸ்க்ரூவைக் கழற்றுவதா?

ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், ஒன்றரை அங்குல கனத்தில் முழுத் தேக்கில் செய்த கதவு 50 கிலோவைத் தாண்டும். அதை இறக்க இரண்டு வழிதான்.

கீலின் நடுக்கம்பியை உருவுவது எனக்குப் பிடித்த வழி. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டபடியே செய்யலாம். கதவு நிலைக்குள் நிற்பதால் நம் மேலே சாயாது. அடியில் ஆப்பு கொடுத்து, கீலின் கீழ் ஓட்டையில் ஆணியை வைத்துச் சுத்தியலால் மேல்நோக்கித் தட்டினால் கம்பி எழும்பிவிடும். துருப்பிடித்திருந்தால் முதல் நாளே தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். கீழ்க்கீலில் தொடங்கி, மேல்கீலைக் கடைசியில் தொடுங்கள். கதவை வெளியே சாய்த்து இழுக்கும் பாரத்தைத் தாங்குவது மேல்கீல்தான்.

ஆனால் நம் ஊர்க் கதவுகள் பலவற்றில் கம்பியின் இரு முனையும் அடித்து மூடப்பட்டிருக்கும். அதைத் தட்டிப் பயனில்லை, ஸ்க்ரூதான். இதற்குக் கதவைத் திறந்தே வைக்க வேண்டும், பிடிமானம் குறைவு. ஒருவர் கழற்ற, குறைந்தது இருவர் கதவைப் பிடித்தே ஆகவேண்டும். தனியாக முயலவே வேண்டாம். ஸ்க்ரூ தலையில் அடைத்திருக்கும் பெயின்ட்டை முதலில் சுரண்டுங்கள், இல்லையேல் வெட்டு மழுங்கிவிடும். நிலைப்பக்க ஸ்க்ரூக்களை மட்டும் எடுத்தால் போதும். திரும்ப மாட்டும்போது துளை தளர்ந்திருந்தால், ஃபெவிகால் தடவிய மூங்கில் குச்சியைச் செருகிக் காயவிட்டு முடுக்குங்கள்.

கம்பி உருவ வருமா என்று முதலில் பாருங்கள். வந்தால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.